முன்கதவு பூட்டிய வீடு

பதினோரு மாதத்துக்கு எழுதிய வாடகைக் கராரை ஐந்தாம் மாதமே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போன அன்று, வீட்டுக்காரர் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். அவர் மடையை அடைத்துவிட்டு, கால் சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏனுங்க தம்பி, ஊட்ல ஏதாச்சும் கொறைங்களா?"

வீட்டில் ஒரு குறையும் இல்லை. எருத்தேன்பதியில் அந்த மாதிரிக் கிணற்றுத் தண்ணீரோடு, காற்றோட்டத்தோடு வீடு கிடைப்பது அபூர்வம். குறை எல்லாம் என் கடையில். எலப்புள்ளியில் நான் வைத்திருந்த செருப்புக் கடைக்கு ஆட்கள் வருவதைவிட, எதிரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நிழலுக்கு ஒதுங்குவதுதான் அதிகம். அந்த நேரத்தில்தான் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் மச்சான் கூப்பிட்டார். அவர் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாகிறது, மழை பிடிப்பதற்குள் வந்து கம்பளி, மழைக்கோட்டு, தார்ப்பாய் எல்லாம் போட்டுக் கடையைத் திறந்தால் தோட்டத்து ஆட்கள் வாங்குவார்கள் என்றார். நான் அன்றைக்கே சரி என்றுவிட்டேன்.

காரியம் என்று வந்துவிட்டால் எனக்குப் பொறுமை கிடையாது. "இவன் பஸ் வந்து நிக்கறதுக்கு முன்னாடியே ஏறிக்கற ஆளு" என்று அத்தா, என் அப்பா, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தென்னையில் சாய்த்து வைத்தார். பிறகு, "செரிங்க. பேசுனது பதினோரு மாசமுங்க. பாதியில போறதுன்னா உங்களாட்டவே ஒரு நல்ல ஆளாப் பாத்து உட்டுப்போட்டுப் போங்க" என்றார். அது நியாயமான பேச்சு. எங்கள் பக்கம் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், போகிறவன் அடுத்தவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

நான் ஒரே வாரத்தில் ஆளைப் பிடித்தேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், இடுக்கியில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம். அவரும் மனைவியும் வந்து வீட்டைப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் அடுப்பு வைப்பது என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பால் காய்ச்ச நாளும் குறித்துக்கொண்டு போனார்கள். இருக்கிற வீட்டைக் காலி செய்வதாக அங்கே சொல்லியும் விட்டார்கள். எல்லாம் என் அவசரத்துக்கு ஏற்றபடி நடந்தது.

பாதிச் சாமான்களை லாரியில் மலைக்கு ஏற்றி அனுப்பினோம். மீதி மூட்டைகள் உள்ளறைகளில் குவிந்து கிடந்ததால் அத்தாவின் கட்டிலை முன்ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் போட்டோம். அங்கே காற்று நன்றாக வருகிறது என்று அவருக்கும் சந்தோஷம். "மேல போனா குளிருமேடா" என்று மட்டும் தினமும் ஒருமுறை சொல்வார். நான் விற்கப்போகிற கம்பளியில் முதல் கம்பளி அவருக்குத்தான் என்று நானும் தினமும் ஒருமுறை சொல்வேன்.

வீட்டை ஒப்படைக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, ஒருநாள் விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டுப் படுத்த அத்தா பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மா டீயை ஆற்றிக்கொண்டுபோய் எழுப்பியபோதுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் தோட்டத்து வேலையை நிறுத்திவிட்டு, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் வரை கூடவே நடந்து வந்தார்.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்தபோது என் மனைவி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "ஏங்க, மாமி இத்தா இருக்கோணுமே. வீட்டைக் காலி பண்றதா சொல்லிட்டோமே?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களில் கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். கணவனோடு வாழ்ந்திருந்த வீட்டிலேயே இருப்பாள். அவசியம் இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டாள், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டாள். அந்த வீட்டைத்தான் நான் ஊரெல்லாம் ஆள் தேடி, கெஞ்சிக் கூத்தாடி இன்னொருவருக்குக் கொடுத்திருந்தேன். என் மேலேயே எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மறுநாள் பள்ளிவாசல் ஹஜரத்திடம் போய்க் கேட்டேன். "வீடு நம்ம கையில இல்லேன்னா என்ன பண்ண முடியும்? வேற வழியே இல்லேன்னா வேற வீட்டுக்குப் போய் மீதியை இருக்கலாம், குத்தமில்லை" என்றார். எனக்கு மூச்சு வந்தது. நல்ல சேதி கொண்டு வருகிறவன் மாதிரி வேகமாக வந்து அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "வேற வழி இல்லேன்னாத்தானே? போய் வழியப் பாரு. உங்கத்தாவ இந்த வீட்ல இருந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. இங்க இருந்து நான் நடந்து போறதுக்குன்னு ஒரு நாள் இருக்குது. அந்த நாள் வராம நான் எந்திரிக்க மாட்டேன்."

அம்மா சாதாரணமாக எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள். எத்தனையோ வாடகை வீடு மாறியிருக்கிறோம், ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. பாத்திரத்தைக் கட்டு என்றால் கட்டுவாள், பிரி என்றால் பிரிப்பாள். அப்படிப்பட்டவள் கேட்ட ஒரே ஒரு விஷயம், அதையும் என்னால் கொடுக்க முடியாதபடி நானே கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அத்தாவை நினைத்து உட்காரக்கூட எனக்கு நேரமில்லை. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, அந்தப் புதுக் குடித்தனக்காரர் தெருவில் நிற்பாரே, அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இதே ஓட்டம்தான் மண்டைக்குள்.

மூன்றாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் போன பிறகு போன் வந்தது. புதுக் குடித்தனக்காரர்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்த நேரத்துல சொல்லக் கூடாது. எனக்குக் கம்பெனியில ஷிப்ட்டு மாத்திட்டாக. அங்கன இருந்து வந்து போறது ரொம்பத் தூரம்ணே. இப்ப இருக்கற வீட்லயே இருந்துக்கிடுதோம்."

அவர் சொன்னது பொய் என்று குரலிலேயே தெரிந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது உலகத்திலேயே அழகான பொய்யாகப் பட்டது. பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க என்று அவர் பாவம் பயந்துபோகும் அளவுக்குச் சொன்னேன். போனை வைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்காரரைப் பார்க்க ஓடினேன். புது ஆள் வரவில்லை, நாங்களே இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அவர் பாதி வழியிலேயே எதிரே வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தார். இரண்டு பேர் முகமும் சரியில்லை. நான் சொன்னதை அவர் தலைகுனிந்து கேட்டார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவரு எனக்கும் போன் பண்ணுனாருங்க. ஷிப்ட்டெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. உங்கப்பா போன நாளு சதயமுங்க. அவங்கூட்டுல ஜோசியரக் கேட்டிருக்காங்க. ஆறு மாசத்துக்கு அடைப்பாமுங்க. அந்த ஊட்டுக்கு வரமாட்டமுன்னுட்டாங்க."

அடைப்பு எனக்குத் தெரியாத விஷயமில்லை. எங்கள் ஊரில் இந்துக்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த இடத்தை மாதக்கணக்கில் மூடிவைத்துவிடுவார்கள். யாரும் புழங்க மாட்டார்கள். ஆனால் அது எங்களுக்கும் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"அதுனால, சொல்றதுக்கே நாக்குக் கூசுதுங்க. நீங்களும் ஊட்டக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நாங்க பூட்டி வெச்சிருவமுங்க. நீங்களும் போறதாத்தானுங்களே இருந்தீங்க."

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்படியே பொங்கி வந்துவிட்டது. "எங்கத்தா நட்சத்திரம் பாத்துட்டுத்தான் மவுத்தாவாருங்களா? உங்க பஞ்சாங்கத்துக்கு எங்கம்மா தெருவுல போயி உக்காரோணுமா?" என்று கத்திவிட்டேன். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன் போனப்ப அடைக்காம உட்டமுங்க தம்பி. அதெல்லாம் என்ன இந்தக் காலத்துலன்னு நாந்தான் பேசுனேன். வருசம் திரும்பறதுக்குள்ள எங்கம்மாளும் போயிட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதோ இல்லையோ, எனக்குப் பயமுங்க" என்றார்.

அவருக்கு வீடு பூட்டிக் கிடக்க வேண்டும், என் அம்மாவுக்கு அதே வீட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு பேரும் வீம்புக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் செத்துப்போனவர்களை நினைத்துத்தான் கேட்டார்கள். நான் மெதுவாக இத்தாவைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் "அப்பிடிங்களா, அப்பிடிங்களா" என்று கேட்டாரே தவிர, வழி ஒன்றும் அவருக்கும் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. நாம் போயி அக்காவப் பாத்துட்டு வாறேன்" என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். அந்நிய ஆண்கள் போக முடியாத இடத்துக்கு அவரால் போக முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் ஒரு காய்ந்த மட்டையை எடுத்து ஓலையை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க தம்பி, துக்கத்துல வாறதுதான்" என்றார். பிறகு இரண்டு பேரும் இந்த வருஷம் மழை எப்படி இருக்கும் என்று அக்கறையாகப் பேசினோம். மழையைப் பற்றி எனக்கு அப்போது ஒரு கவலையும் இல்லை, அவருக்கும் இருந்திருக்காது.

உள்ளே நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். வீட்டுக்காரர் மனைவி போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாராம். பிறகு விஷயத்தைச் சொன்னாராம். அம்மா கேட்டுவிட்டு, "பூட்டறது எதுக்கு அம்மிணி? யாரும் வந்து போயிப் புழங்கக் கூடாதுன்னுதானே? நானும் அப்பிடித்தானே இருக்கப் போறேன். நல்லது கெட்டதுக்கு நான் வெளிய வரமாட்டேன். வேத்து ஆம்பளைங்க உள்ள வரமாட்டாங்க. பூ நகை இல்ல, சிரிப்பு கூத்து இல்ல. உனக்குப் பூட்டு வேணும்னா வெளிய தொங்கவிட்டுக்கோ. நான் உள்ள இருந்துக்கறேன்" என்றாளாம்.

வீட்டுக்காரர் மனைவி சிரித்த முகமாகவே திரும்பி வந்தார். எங்களைக் கேட்காமலே தீர்ப்பையும் கொண்டுவந்தார்.

"உசுரு போன எடத்தத்தானுங்களே அடைக்கோணும்? அவரு போனது முன்னால ஹால்ல. ஹாலையும் வாசக்கதவையும் பூட்டிப் போடறது. உள்ரூமுலயும் சமையக்கட்டுலயும் அக்கா இருந்துக்கட்டும். எல்லாரும் பொறவாசல்ல பொழங்கிக்குங்க. அக்கா சொன்னாப்புல ஊடே துக்கத்துல மூடித்தான் கெடக்கப் போவுது. இதுக்கு மேல என்னத்த அடைக்கறது?"

வீட்டுக்காரர் கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டார். நெஞ்சில் கை வைத்து அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அவர் எனக்காக நிம்மதிப்பட்டாரா, தனக்காகவா என்று தெரியவில்லை. எனக்கோ அவர் மனைவியின் காலில் விழலாம்போல இருந்தது. அம்மா அந்த வீட்டிலேயே இருக்கலாம், அது போதும். அன்று சாயங்காலமே நாங்கள் ஹாலைக் காலி செய்ததும், முன்கதவில் வீட்டுக்காரர் தன் கையாலேயே பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! கேஸ் சிலிண்டர்க்காரர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இரண்டாம் முறை போன் செய்து கெஞ்சி வரவழைத்தோம். துக்கம் கேட்க எலப்புள்ளியில் இருந்து ஆட்டோ வைத்து வந்த சொந்தக்காரர்கள், "மூணு நாள்லயே பூட்டிட்டுப் போயிட்டானா பாவி" என்று வாசலில் நின்று என்னைத் திட்டுவது உள்ளே எனக்கே கேட்டது. நான் பின்னால் இருந்து சுற்றி ஓடிப்போய் அவர்களை அழைத்துவந்தேன். ஜமாஅத்துப் பெரியவர் துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து, துவைக்கிற கல்லைச் சுற்றி, கோழிக் கூண்டைத் தாண்டி வந்து பாத்திஹா ஓதினார். பின்வாசல் நிலைப்படி உயரம் குறைவு. எனக்குத் தினமும் நெற்றியில் ஒரு இடி. கடைசியில் என் மனைவி ஒரு பழைய துணியை மடித்து அதில் கட்டிவைத்தாள்.

மழைக்கு முன்னால் மலையில் கடையையும் திறந்துவிட்டேன். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. பொள்ளாச்சி, பழனி, தேனி என்று மாறி மாறி பஸ் பிடித்து போடிமெட்டு ஏறுவேன். கடையில் ஈரத்தோடு வரும் ஏலத்தோட்டத்து ஆட்களுக்கு மழைக்கோட்டு விற்றுவிட்டு, அதே ஈரத்தோடு வந்து பின்வாசலில் குனிவேன். உடம்பு அலுத்தது. ஆனால் இறங்கி வரும்போது ஒருநாள்கூட மனசு கனக்கவில்லை. அம்மா இருக்க நினைத்த இடத்தில் இருக்கிறாள் என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது.

வீட்டுக்காரர் மனைவி சாயங்காலமானால் வந்துவிடுவார். முருங்கைக்கீரையோ மொச்சையோ மடியில் இருக்கும். இரண்டு பேரும் உட்கார்ந்து ஆய்வார்கள். வீட்டுக்காரர் கிணற்றடி வரை வந்து, "அம்மா சாப்புட்டாங்களாங்க?" என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டு அப்படியே போய்விடுவார். முன்பெல்லாம் அம்மாவிடம் நின்று கதை பேசிப் பழகியவர். இந்த மாதங்களில் அவர் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவின் நிழல்கூடக் கண்ணில் படாதபடி நடந்துகொண்டார்.

இத்தா முடிந்த நாள் காலை அம்மா குளித்து, அம்மாவின் தம்பி கொண்டுவந்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். துஆ ஓதி முடித்தோம். மீதிச் சாமான்களை ஏற்ற மச்சான் ஜீப் அனுப்பியிருந்தார். முன்ஹாலின் அடைப்பு முடிய இன்னும் நாள் இருந்தது. அதனால் கடைசி மூட்டைவரை எல்லாமே பின்வாசல் வழியாகத்தான் போயிற்று. அம்மாவும் அந்த வழியாகத்தான் வெளியே வந்தாள். வெயில் கூசி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கிணற்றடியில் வீட்டுக்காரரும் மனைவியும் நின்றிருந்தார்கள். அவருக்கு எங்களை அனுப்ப மனசில்லை என்று நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

"ஏனுங்க தம்பி, பேசுன பதினோரு மாசம் இன்னும் முடியலீங்களே. மறுக்காவும் பாதியிலயே போறீங்க. அது வரைக்கும் இருந்துட்டுப் போலாமில்லீங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தடவை கேட்டபோது சுண்டிப்போன அந்த முகத்துக்கு முன்னால், இந்தத் தடவை அசடு வழிய நின்றேன். எனக்கு முன்னால் அம்மா பேசினாள். இத்தனை மாதத்தில் அவரிடம் அம்மா பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பாதியில போறது இவன் வேணா போறானுங்க. நான் இருக்க வேண்டியத முழுசா இருந்துட்டேன். உங்க புண்ணியத்துல."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா யார் கையையும் பிடிக்காமல் தோப்பு வழியாக நடந்துபோய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்கதவைச் சாத்தி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். கை காலியானதும் எனக்கு அழுகை வந்தது. அத்தா போனதற்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதேன். வீட்டுக்காரர் நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.